அட்சதை விழும் நேரம்

சென்ற வாரம் கவிதா போன் செய்தாள். கடையில் எனக்குக் கீழே வேலை பார்த்தவள், இப்போது சொந்தமாகக் கடை வைத்திருக்கிறாள். யாரோ ஒருவர் பரணில் கிடந்த வீடியோ கேசட்டைக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறாராம். ஓட்டிப் பார்க்கப் பழைய டெக் ஒன்றையும் எங்கிருந்தோ தேடிப் பிடித்து வைத்திருக்கிறாளாம். "அக்கா, எந்த சைஸ்ல ஏத்தட்டும்? பிட்ரேட் எம்புட்டு வைக்கட்டும்? ஒரு நம்பரைச் சொல்லிருங்க, வச்சிர்றேன்" என்றாள்.

ஒரு நம்பரைச் சொல்லியிருக்கலாம். எனக்கு வாய் வரவில்லை. "அப்புறம் பேசுறேன்டி" என்று போனை வைத்துவிட்டேன். வேலையை விட்டு இத்தனை வருடம் ஆகியும் பழைய கேசட் என்றால் எனக்குப் பயம்தான். ஏன் என்று அவளுக்குச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். போனில் சொன்னால் "சரிக்கா, சரிக்கா" என்று நடுவிலேயே கத்தரித்துவிடுவாள்.

நான் பிறவியிலேயே பயந்தவள். அதை மறைத்து எழுதினால் இதில் பாதி விளங்காது. வீட்டைப் பூட்டிவிட்டுத் தெரு முக்குவரை போய்த் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பேன். எங்கள் வீட்டில் பேசுவது சௌராஷ்டிரம், கடையில் பேசியது மதுரைத் தமிழ், பயம் வந்துவிட்டால் இரண்டுமே எனக்கு வராது. இப்படிப்பட்டவள் போயும் போயும் அடுத்தவர் வீட்டுக் கல்யாணங்களைக் கையில் பிடிக்கிற வேலைக்கு வந்தேன்.

கடை திருநகரில், பஸ் போகிற ரோட்டின் மேலேயே இருந்தது. கம்ப்யூட்டர் படித்த பெண் வேண்டும் என்றார்கள் என்று போய்ச் சேர்ந்தேன். முதலில் கல்யாண வீடியோவுக்குப் பேர் எழுதுவது, மாப்பிள்ளை பெண்ணை இதய வடிவத்துக்குள் வைத்துச் சுற்றவிடுவது போன்ற அலங்கார வேலைகள். அப்புறம் கேசட்டுக்குப் பதில் விசிடித் தட்டு வந்தது. ஊரில் இருந்த கேசட்டுகள் எல்லாம் எங்கள் கடையைப் பார்த்து வர ஆரம்பித்தன. காதுகுத்து, சடங்கு, புதுமனை, கல்யாணம் என்று வீடு வீடாக வந்தது. நானும் அலங்காரத்தை விட்டுவிட்டு மாற்றுகிற வேலைக்கு உட்கார்ந்தேன்.

முதலாளி தனபாலண்ணன் ஆதியில் ரேடியோ மெக்கானிக். மெலிந்த ஆள், குரலும் மெலிசு. "முடியும்" என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை. யார் என்ன கேட்டாலும் "பாப்போம்" என்பார். கேசட்டைத் தொடுவதற்கு முன்னால் சோப்புப் போட்டுக் கை கழுவுவார். அப்புறம் அதன் மூடியைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து, மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்ப்பார். வாங்க வந்தவர்கள் சிரிப்பார்கள். அவர் கண்டுகொள்ள மாட்டார். பூஞ்சை பிடித்த டேப்புக்கு ஊறின கோணியின் வாடை உண்டு. ஓட்டத்தில் வெள்ளைப் பொடி டேப்பைப் படிக்கிற ஹெட்டில் போய் அப்பிக்கொள்ளும், படம் மழையடித்ததுபோல் ஆகிவிடும். அதற்கு மேலும் ஓட்டினால் டேப் சுருண்டு அறுந்துவிடும். அதனால் டேப் ஓடுகிற நேரம் முழுக்க அண்ணன் டெக்கின் முன்னால் நின்றபடி, விரலை நிறுத்துகிற பட்டன்மேல் வைத்திருப்பார். மூன்று மணி நேரக் கல்யாணம் என்றால் மூன்று மணி நேரமும் நிற்பார்.

கவிதா கேட்ட சைஸும் பிட்ரேட்டும் இனிமேல்தான் வருகின்றன. ரெசல்யூஷன் என்பது படத்தை எத்தனை புள்ளியாகப் பிரித்து வைக்கிறோம் என்பது. பிட்ரேட் என்பது ஒவ்வொரு நொடிக்கும் தட்டில் எவ்வளவு இடம் ஒதுக்குகிறோம் என்பது. அண்ணன் இதைப் பந்திச் சாப்பாட்டை வைத்துச் சொல்வார். "தலைவாழை இலையை விரிச்சுட்டு ஒரு கரண்டி சோத்தை வச்சா என்ன தெரியும்? இலைதான் தெரியும். சோத்துக்குத் தக்கன இலை போடும்மா." புள்ளிகள்தான் இலை, பிட்ரேட்தான் சோறு.

விசிடியில் நமக்குப் பேச்சே இல்லை. சின்ன இலை, ஒரே அளவு கரண்டி. வீடியோ படத்தின் குறுக்குக் கோடுகளில் பாதிக்குமேல் வைக்க இடமில்லை. ஒரு நொடிக்கு இவ்வளவுதான் என்று நிர்ணயம், கூட்டவும் முடியாது. மாப்பிள்ளை சும்மா உட்கார்ந்திருக்கும்வரை படம் நன்றாகத்தான் இருக்கும். அசைவு கூடக் கூடப் பற்றாக்குறை வந்துவிடும். பற்றாமல் போனால் கம்ப்யூட்டர் படத்தைச் சதுரம் சதுரமாக ஆக்கிச் சமாளிக்கும்.

கல்யாணத்தில் எல்லாமே ஒரே நேரத்தில் அசைகிற நொடி எது? கெட்டிமேளம் கொட்டி, தாலி கட்டுகையில் மண்டபமே அட்சதையும் பூவும் வீசுகிற அந்த நொடிதான். ஒவ்வொரு அரிசிக்கும் கம்ப்யூட்டர் கணக்குப் பார்க்க வேண்டும். அரிசியைக் கவனிக்கப் போய் முகங்களைக் கைவிட்டுவிடும். ஊர் முழுக்கப் பார்க்கத் துடிக்கிற அந்த ஒரு நொடிதான் எங்கள் விசிடிகளில் மோசமாக இருக்கும். அட்சதை விழப்போகிறது என்றால் நான் திரையைப் பார்க்காமல் தலையைக் குனிந்துகொள்வேன்.

டிவிடி வந்து இலையையும் கரண்டியையும் நாமே தேர்ந்துகொள்ளலாம் என்று ஆன புதிதில்தான் பாண்டிச்செல்வி வந்தாள்.

இடுப்பில் ஒரு பையன், கையில் துண்டில் சுற்றின கேசட். சின்ன வயசுப் பெண், நெற்றி வெறுமையாக இருந்தது. பையனுக்கு இரண்டு வயசுக்கு மேல் இருக்கும். பிறந்ததிலிருந்து எடுக்காத முடி தோள்வரை வளர்ந்திருந்தது. அதை ரப்பர் பேண்டு போட்டு உச்சியில் கட்டியிருந்தாள்.

"எங்க கல்யாண கேசட்டுக்கா. இதுல ஒரு ஆளு மூஞ்சி தெரியணும். அது போதும்."

நிறுத்தி நிறுத்தித்தான் சொன்னாள். அவள் ஊர் கோச்சடை, புருஷன் முருகேசனுக்குத் திருமங்கலத்துக்கு மேற்கே ஒரு கிராமம். விரும்பிக் கட்டிக்கொண்டவர்கள். கோயிலில் வைத்துக் கல்யாணம், அவன் பக்கத்தில் யாரும் வரமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். பையன் பிறந்த சில மாதத்தில் லாரி மோதி முருகேசன் போய்ச் சேர்ந்துவிட்டான். இப்போது அவன் வீட்டார், அப்படி ஒரு கல்யாணமே எங்களுக்குத் தெரியாது, இந்தப் பிள்ளை எங்கள் பிள்ளை இல்லை என்கிறார்கள்.

"எனக்கு அவுக வீடு வேணாம், வாசல் வேணாம்க்கா. பயலுக்கு அவுக அப்பா கோயில்ல மொட்ட போடணும். வர்ற சிவராத்திரிக்குப் பங்காளிக எல்லாம் கூடுவாக. சாமி முன்னாடி இவன் இன்னாரு மகன்னு நிக்கணும். இல்லேன்னா நாளைக்கு இவன் எந்தக் கோயில்ல போய் நிப்பான்?"

எங்கள் பக்கத்தில் இது சின்ன விஷயம் இல்லை. குலசாமி கோயிலில் முதல் முடி எடுத்தால்தான் பிள்ளை அந்தப் பங்காளி வகையறாவில் ஒருவன். அதற்குப் பங்காளிகள் ஒத்துக்கொள்ள வேண்டும். மாமனார் வாயைத் திறந்து சொன்னால்தான் அவர்கள் ஒத்துக்கொள்வார்கள். மாமனாரோ கல்யாணமே தெரியாது என்கிறார்.

"அவரு வந்தாருக்கா" என்றாள் பாண்டிச்செல்வி. "வர மாட்டேன்னுட்டு வந்தாரு. தூணுக்குப் பின்னாடி நின்னாரு. தாலி ஏறுனதும் நான் நிமிந்து பாக்கேன், அவரு கையில அட்சதை. போட்டாரு. போட்டுட்டு ஒரு வாய் தண்ணிகூடக் குடிக்காமப் போயிட்டாரு. நான் பாத்தேன்க்கா. நான் மட்டுந்தான் பாத்தேன்."

அட்சதை போட்ட கை ஆசீர்வாதம் செய்த கை. போட்டுவிட்டுக் கல்யாணமே தெரியாது என்று சொல்ல முடியாது. ஆனால் அதே அட்சதைதான் படத்தைக் கெடுக்கிறது. வேறு எங்கோ ஏற்கெனவே விசிடி போட்டு வாங்கியிருந்தாள். எங்கள் டிவியில் போட்டுப் பார்த்தோம். தாலி ஏறும் நேரத்தில் தூணும் தூணருகே இருந்த ஆளும் ஒரே சதுரக் கட்டிகளாகிவிட்டார்கள். அதைக் காட்டப் போனபோது முருகேசனின் சித்தப்பன் "தூணைக் காட்டி மாமனாருங்கிறா" என்று சிரித்தானாம்.

அண்ணன் கை கழுவிவிட்டு வந்து கேசட்டைத் திறந்து பார்த்தார். மோந்து பார்க்கவே தேவையில்லை. டேப் விளிம்பெல்லாம் கோலமாவு தூவியதுபோல் வெள்ளை பூத்திருந்தது. ஓரம் ஓரிடத்தில் மடிந்தும் இருந்தது.

"ஒரு வாட்டி ஓடும். ரெண்டாவது வாட்டிக்கு நான் பொறுப்பில்ல தாயி" என்றார். பாண்டிச்செல்வி தலையாட்டிவிட்டு, கேசட்டை எங்களிடம் விட்டுவிட்டுப் போனாள். எங்களை நம்பி அதை அவள் விட்டுப்போனதுதான் எனக்குப் பயமாக இருந்தது. வேண்டாம், வேறு கடை பார்த்துக்கொள் என்று பின்னாலேயே ஓடிச் சொல்லலாமா என்று இருந்தது.

மறுநாள் முற்பகல் அந்தச் சித்தப்பனே கடைக்கு வந்தான். கூட இரண்டு பேர் பைக்கிலேயே உட்கார்ந்திருந்தார்கள். சத்தம் போடவில்லை, முறைக்கவும் இல்லை. சிரித்த முகமாகத்தான் உள்ளே வந்தான்.

"கேசட்டு ஒண்ணு வந்திருக்காம்லண்ணே, கோச்சடையிலருந்து?"

"டெய்லி நெறைய வருதுங்க" என்றார் அண்ணன்.

"பூசணம் புடிச்சதுன்னு கேள்விப்பட்டேன். பூசணம் புடிச்ச டேப்பு அந்து போறது வழக்கந்தான? அந்து போச்சுன்னு சொன்னா யாரு உங்களைக் கேக்கப் போறா?" என்றான். அப்புறம் என் பக்கம் திரும்பி, "தங்கச்சி எந்தப் பக்கம்? பஸ்லதான் வந்து போறீகளா?" என்று கேட்டான். அக்கறையாக விசாரிப்பதுபோல்தான் கேட்டான். நான் எந்தப் பக்கம் என்று சொல்ல வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது.

அவன் போனதும் அண்ணன் ஒரு சொம்புத் தண்ணீரையும் குடித்தார். தொண்டைக்குள் போனதைவிடச் சட்டையில் ஊற்றியதுதான் அதிகம்.

"திருப்பிக் குடுத்துருவமா சுபத்ரா?"

எனக்கு உயிர் திரும்பி வந்தது. "குடுத்துருவோம்ண்ணே."

அவர் கேசட்டை எடுத்து மறுபடி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இப்பத் திருப்பிக் குடுத்தா வேற எவனாவது பூசணத்தோட ஓட்டி அத்துருவான். நாம ஓட்டி அது தானாவே அந்தாலும், பயந்துக்கிட்டு அத்துட்டாங்கன்னு அந்தப் பிள்ள நெனைக்கும். எப்படிப் பாத்தாலும் மாட்டிக்கிட்டோம்" என்றார். பிறகு எழுந்துபோய்க் கை கழுவினார். அவர் தைரியசாலி இல்லை. என்னைவிடக் கொஞ்சம் குறைவாகப் பயந்தார், அவ்வளவுதான்.

கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுத்தான் வேலையைத் தொடங்கினோம். அண்ணன் கேசட்டின் திருகுகளைக் கழற்றி டேப்பைப் புதுக் கூட்டுக்கு மாற்றினார். மல் துணியை இரண்டு விரலுக்கு நடுவில் பிடித்து, டேப்பை அதன் வழியாகக் கையாலேயே சுற்றினார். துணி கறுப்பும் வெள்ளையுமாக ஆனதும் புதுத் துணி. அதற்கே அரைநாள் போயிற்று. நான் ஹெட்டை ஸ்பிரிட் போட்டுத் துடைத்தேன். கம்ப்யூட்டரில் இடம் ஒழித்து வைத்தேன். டேப் ஒரு முறைதான் ஓடும் என்பதால் தட்டுக்கு எது சரி என்று அப்போது யோசிக்கவே கூடாது. முதலில் சுருக்காமல் முழுசாக ஹார்ட் டிஸ்கில் ஏற்றிவிட வேண்டும். ஏறிவிட்டால் பிறகு எத்தனை விதமாக வேண்டுமானாலும் தட்டில் அடித்துப் பார்க்கலாம். கவிதா, இதை மட்டுமாவது கவனித்துப் படி.

கரண்ட் போனால் என்ன செய்வது என்று யுபிஎஸ்ஸை இரண்டு முறை பிடுங்கி மாட்டிச் சோதித்தேன். பிறகு அண்ணன் பட்டன்மேல் விரலை வைத்துக்கொண்டார். டேப் ஓடத் தொடங்கியது.

கோயில் வாசல் வந்தது, நாதஸ்வரக்காரர் வந்தார், மாலையோடு முருகேசன் வந்தான். பல் தெரியச் சிரிக்கிற பையன். டெக்குக்குள்ளிருந்து கிரீச்சென்று ஒரு சத்தம் வந்துகொண்டே இருந்தது. ஒரு இடத்தில் படம் மழையடித்து மறைந்தது. அண்ணன் நிறுத்தி, மூடியைத் திறந்து ஹெட்டைத் துடைத்து மறுபடி ஓட்டினார். மந்திரம் சொல்லும் கட்டம் வந்தபோது கரண்ட் போனது. ஃபேன் நின்றது. யுபிஎஸ் கத்த ஆரம்பித்தது. எத்தனை நிமிடம் தாங்கும் என்று எங்கள் இருவருக்கும் நிச்சயமாகத் தெரியாது. இன்னொரு முறை நிறுத்தினால் டேப்பை மறுபடி இழுத்து மாட்ட வேண்டும், அதில் அறுந்தாலும் அறுந்துவிடும். நிறுத்தாவிட்டால் கம்ப்யூட்டர் அணைந்து அதுவரை ஏறியதும் போகலாம். அண்ணன் என்னைப் பார்த்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். அவர் நிறுத்தவில்லை.

கெட்டிமேளம் கொட்டியது. இந்த முறை நான் தலையைக் குனியவில்லை. அரிசி பறந்தது. தூணருகே வெள்ளைச் சட்டை போட்ட ஒருவரின் கை மேலே போய் விரிந்தது. "அந்தா" என்றேன். அவ்வளவுதான், காமிரா திரும்பிவிட்டது. கொஞ்ச நேரத்தில் கரண்டும் வந்தது. எல்லாரும் சாப்பிட உட்கார்ந்த இடத்தில் டேப் டெக்குக்குள் சுருண்டு அறுந்தது. இனி அந்தக் கல்யாணம் சிதையாமல் இருந்தது எங்கள் கம்ப்யூட்டரில் மட்டும்தான்.

அடுத்து தட்டு. நான் பெரிய இலையே போட்டேன், டிவிடிக்கு உள்ள முழு அகலம். கரண்டியையும் கிட்டத்தட்ட உச்சத்துக்கு ஏற்றினேன். பாண்டிச்செல்வியின் அண்ணன், தங்கைக்காக என்றே ஒரு டிவிடி பிளேயர் வாங்கியிருந்தான். விலை குறைந்த ரகம். அதைக் கடைக்குக் கொண்டுவரச் சொல்லிப் போட்டுப் பார்த்தால், சரியாக அட்சதை விழும் இடத்தில் திக்கித் திக்கி நின்றுவிட்டது. நாமே எழுதுகிற தட்டிலிருந்து படத்தை அவ்வளவு வேகமாக எடுத்துக்கொடுக்க அந்த மாதிரி பிளேயர்களால் முடியாது. கரண்டியைக் குறைத்தேன். இப்போது திக்கவில்லை, ஆனால் தூணருகே இருந்த முகத்தின் ஓரங்கள் நடுங்கின. தெரிந்த ஆள் பார்த்தால் தெரியும், தெரியாது என்று சாதிப்பவனுக்கு அது போதாது.

தனபாலண்ணன் பின்னால் வந்து நின்றார். "டேப்புல இல்லாத புள்ளியை நீ எங்கருந்து கொண்டாரப் போற? அகலத்தைப் பாதியாக் குறை. உயரத்துல கை வைக்காத" என்றார். பழைய வீடியோ டேப்பில் அகலவாக்கில் அந்த அளவு நுணுக்கம் கிடையாது. பெரிய இலையில் நான் வைத்ததெல்லாம் டேப்பின் புழுதியைத்தான். அகலத்தைப் பாதியாக்கி, கரண்டியை நொடிக்கு ஆறு மெகாபிட் என்று நடுவாந்தரமாக நிறுத்தி, படத்தை இரண்டு முறை அலசி எழுதும்படி வைத்தேன். முதல் முறை எங்கே அசைவு அதிகம் என்று கணக்கெடுக்கும். இரண்டாம் முறை சும்மா உட்கார்ந்திருக்கும் இடங்களில் மிச்சம் பிடித்து அட்சதைக்குக் கூட்டிக் கொடுக்கும்.

முகம் நின்றது. கை நின்றது. கையிலிருந்து அரிசி போவதும் தெரிந்தது.

பங்காளிகள் கூடினது முருகேசனின் கிராமத்தில், ஒரு பெரியவர் வீட்டுக் கூடத்தில். நிறுத்தி நிறுத்திக் காட்டத் தெரிந்த ஆள் வேண்டும் என்று பாண்டிச்செல்வியின் அண்ணன் கெஞ்சியதால் அந்தப் பிளேயரையும் எடுத்துக்கொண்டு நானும் தனபாலண்ணனும் போனோம். கூடத்தில் பெரியவர்கள் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். சித்தப்பன் என்னைப் பார்த்து, "வாங்க தங்கச்சி" என்று சிரித்தான். மாமனார் டிவிக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்தார். உயரமான மனிதர். பாண்டிச்செல்வி பையனோடு கதவோரம் நின்றாள்.

ரிமோட்டை அழுத்தி இரண்டு முறை தவறான இடத்தில் நிறுத்தினேன். மூன்றாம் முறை சரியாக நின்றது. தூண், வெள்ளைச் சட்டை, விரிந்த கை.

"சாயல் இருக்கு. அதுக்காக அண்ணந்தான்னு எப்படிச் சொல்றது?" என்றான் சித்தப்பன்.

நான் ஒரு படம் ஒரு படமாக நகர்த்தினேன். ஒரு அரிசி முகத்தைத் தாண்டிப் போனது. அடுத்த படத்தில் முகம் முழுசாகத் தெரிந்தது.

வீட்டுக்காரப் பெரியவர் மாமனாரைப் பார்த்தார். "ஏப்பா, இது நீதான?"

மாமனார் தூணைப் பார்க்கவே இல்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. திரையின் நடுவில் குனிந்து தாலி முடிந்துகொண்டிருந்தவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து வெளியே போய்விட்டார்.

"அவன் வாயால சொல்லாம நாங்க சொல்ல முடியாது தாயி" என்றார் பெரியவர், பாண்டிச்செல்வியிடம். முகம் அத்தனை தெளிவாகத் தெரிந்தும் பிரயோஜனமில்லாமல் போய்விட்டது. திரும்பும்போது அவள் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. எனக்குத்தான் அழுகை அழுகையாக வந்தது.

சில நாள் கழித்து ஒரு மத்தியானம், தட்டு வாங்க அண்ணன் டவுனுக்குப் போயிருந்தார். கடையில் நான் மட்டும். வாசலில் நிழல் விழுந்தது. நிமிர்ந்தால் மாமனார்.

பின்னால் யாராவது வருகிறார்களா என்றுதான் முதலில் பார்த்தேன். யாரும் இல்லை. டேப் அறுந்துபோனது அவருக்குத் தெரிந்திருக்கும். பாண்டிச்செல்வியிடம் உள்ள தட்டு போக மிச்சம் இருப்பது இந்தக் கம்ப்யூட்டரில்தான் என்றும் தெரிந்திருக்கும். அழிக்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். கத்தினால் பக்கத்து டீக்கடைக்குக் கேட்குமா என்று மனசுக்குள் அளந்தேன். அவர் பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அன்னைக்குப் போட்டது... எனக்கு ஒண்ணு வேணும் தாயி."

எனக்கு விளங்கவில்லை. "என்னதுங்கய்யா?"

"அவன் சிரிக்கான்ல அதுல. வீட்டுல அவன் போட்டா ஒண்ணுதான் இருக்கு. அதுல மொறச்சுக்கிட்டு நிப்பான்."

அது பாண்டிச்செல்வியின் கேசட், அவள் சொல்லாமல் தர முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். பயத்தில் வேறு ஏதோ கேட்டேன். "வீட்டுல என்ன பிளேயருங்கய்யா?"

"சீடி போடுற பொட்டி. பழசு."

அவர் வீட்டில் விசிடிதான் ஓடும். விசிடியில் என்ன ஆகும் என்று சொல்ல எனக்கு வார்த்தை வரவில்லை. சோதனைக்காக நான் அடித்து வைத்திருந்த விசிடிப் பிரதி கம்ப்யூட்டரில் இருந்தது. திரையை அவர் பக்கம் திருப்பி ஓட்டிக் காட்டினேன். முருகேசன் சிரித்துக்கொண்டு வந்தான். அவர் நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். கெட்டிமேளம் கொட்டி அரிசி விழுந்தது. மகனுடைய முகம் சதுரம் சதுரமாகச் சிதறியது.

"நிப்பாட்டு தாயி! நிப்பாட்டு!"

நாற்காலி பின்னால் சாய எழுந்துவிட்டார். நானும் எழுந்து சுவரோடு ஒட்டிக்கொண்டேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். "லாரி அடிச்சு ஆஸ்பத்திரில கெடந்தப்ப இப்படித்தான் கெடந்தான்" என்றார். "எனக்கு இது வேணாம். அன்னைக்கு மூஞ்சி முழுசா இருந்துச்சுல்ல, அது வேணும்."

அது அவர் வீட்டுப் பெட்டியில் ஓடாது என்றேன். கேசட்டும் பாண்டிச்செல்வியுடையது, அவளைக் கேட்காமல் நான் எதையும் தர முடியாது என்று ஒருவழியாகச் சொல்லி முடித்தேன். அவர் போவார் என்று பார்த்தேன். சாய்ந்த நாற்காலியை நிமிர்த்தி மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

"கேளு" என்றார்.

பாண்டிச்செல்விக்குப் பக்கத்து வீட்டு போன்தான். அவர்கள் போய் அவளைக் கூட்டிவருகிற மட்டும் ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு நின்றேன். மாமனார் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் வந்ததும் விஷயத்தைச் சொன்னேன். எரிந்து விழுவாள், அதை எப்படி இவரிடம் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

"அவுக வீட்டுப் பொட்டியில ஓடாதாக்கா?"

"ஓடாதும்மா."

"எங்க வீட்டுல ஓடும்ல. மாமாவை வந்து பாத்துக்கிறச் சொல்லுங்க. எப்ப வேணாலும் வரட்டும்."

அவள் சொன்னதை அப்படியே சொன்னேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார். இது அவள் காட்டுகிற இரக்கமா, வைக்கிற நிபந்தனையா என்று எனக்குத் தெரியவில்லை, அவருக்கும் தெரிந்திருக்காது. எழுந்து நாற்காலியைப் பழைய இடத்தில் போட்டார். கோச்சடைக்கு எங்கே பஸ் ஏற வேண்டும் என்று கேட்டார், சொன்னேன். வாசல்வரை போனவர் திரும்பி வந்தார்.

"பய முடியோடதான இருக்கான்?"

"இருக்கானுங்கய்யா. தோள் வரைக்கும் கெடக்கு."

"வேற எங்கயும் எடுத்துறாம இருக்கச் சொல்லு தாயி. சிவராத்திரிக்கு நம்ம கோயில்ல வச்சு எடுத்துக்குவோம்."

அவர் படியிறங்கி ரோட்டைத் தாண்டுகிறவரை பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அந்தப் பக்கத்து வீட்டு எண்ணை மறுபடி அழுத்தினேன். அவசரத்தில் முதல் தடவை தப்பான எண்ணுக்குப் போனது.